இயங்குதளம் என்னும் காரியஸ்தர்



கணிப்பொறி வாங்கச் செல்வோர் நினைவகம் எவ்வளவு, விலை எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கின்றனர். அதிலுள்ள இயங்குதளம் எது, அதற்கு ஆயுள் எதுவரை என்று வினவுவோர் மிகச் சிலரே. முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

இயங்குதளத்தைப் பெரிய வீட்டின் காரியஸ்தருக்கு ஒப்பிடலாம். நீங்கள் கடிதம் தட்டச்சு செய்கிறீர்கள், ஒரு சொற்பொழிவும் ஒலிக்கிறது, அச்சுப்பொறியும் ஓடுகிறது. செயலியின் நேரத்தை நொடியின் ஆயிரத்திலொரு பங்கு, இரு பங்கு எனக் கூறுபோட்டு, ஒரு வேலையை நிறுத்தி மற்றொன்றை ஓடவிட்டு, யாவும் ஒருசேர நடப்பதாக நம்மை நம்ப வைப்பது இயங்குதளமே. நினைவகத்தில் ஒவ்வொரு நிரலுக்கும் தனி இடம் ஒதுக்கி, ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று நுழையாமல் காப்பதும் அதுவே. நீங்கள் சேமித்த கடிதம் வட்டின் எந்தெந்த மூலையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது என்ற கணக்கும் அதனிடமே உள்ளது. இவற்றைக் கவனிக்கும் உட்கருவைக் கெர்னல் என்பர்.

1991ஆம் ஆண்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் அத்தகையதொரு கெர்னலே. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கும் அடித்தளம் அதுவே. 'லினக்ஸா, அது நமக்கு எதற்கு?' என்போரின் சட்டைப்பையிலும் அது இருப்பது வேடிக்கைதான்.

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருவோம். 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றன. பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்கு மேலும் ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. திருத்தம் நின்றாலும் கணிப்பொறி முன்போலவே ஓடும். ஆபத்தே அதில்தான் உள்ளது. புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லாத இயந்திரத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பது விவேகமன்று. விண்டோஸ் 11க்கு மாறலாமென்றால், அது டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் புதிய தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. 2018க்கு முந்திய கணிப்பொறிகள் மிகப் பலவற்றை அது ஏற்பதில்லை.

அவற்றைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதில்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைப் பென்டிரைவில் ஏற்றி, வட்டில் நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் கடிதங்களுக்கும் அவை தாராளமாகப் போதும். கடைக் கணக்கு மென்பொருள் வைத்திருப்போர் மட்டும், அது லினக்ஸில் ஓடுமா என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பல ஓடா. நிறுவுவதென்று முடிவு செய்தால், முதல் வேலையாகப் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறொரு வட்டில் படியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே தொடங்குங்கள்.