விதியை நீக்குவதா தீர்வு?

கலைவிழா நிகழ்ச்சிப் பட்டியலைத் தரவுத்தளத்தில் வைத்திருந்த என் மாணவர்கள், 5ஆவது நடனத்தை 2ஆம் இடத்துக்கு நகர்த்தப் பார்த்தார்கள். பிழைச் செய்தி வந்தது. உடனே, ஓர் எண் ஒரு முறைதான் வரலாம் என்ற விதியையே நீக்கிவிட்டார்கள்! எனக்கு இதில் உடன்பாடில்லை. நாளை இரண்டு 3 வந்தால் யார் மேடையேறுவது?

விதியில் குற்றமில்லை. 2ஐ 3 ஆக்கும் நொடியில் பழைய 3 இன்னும் நகரவில்லை, அதனால்தான் மோதல். போஸ்ட்கிரெஸ்கியூஎல் மென்பொருளில், எல்லா மாற்றங்களும் முடிந்த பிறகே சோதிக்கும்படி விதியை அமைக்கலாம். எஸ்கியூலைட்டில் அந்த வசதி இல்லை. அங்கே 2, 3, 4ஐ முதலில் -3, -4, -5 என்றும், 5ஐ -2 என்றும் மாற்றுங்கள். பிறகு கழித்தல் குறியை அகற்றுங்கள். இரண்டு படிகளையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வையுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் பழைய பட்டியல் அப்படியே இருக்கும்.