வீட்டில் குளிர் யாருக்கு?

ஏப்ரல், மே வந்துவிட்டால் மின்தூக்கியில் ஏறும் அண்டை வீட்டுக்காரர் முதலில் சொல்வது, "என்னா சூடு!" என்பதாகத்தான் இருக்கும். 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவானது. 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்ச அளவை அது நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு எட்டிப் பிடித்தது. அந்த வாரம் முழுக்க நாம் அதைப் பற்றித்தான் பேசினோம்.

ஆனால் அந்த எண், வெளியே வைத்த கருவி காட்டுவது. வீட்டுக்குள் எவ்வளவு சூடு என்று யாரும் அளப்பதில்லை. அளந்து பார்த்தால் ஒரே வீவக வீட்டில் நான்கு அறைகளில் நான்கு விதமான வானிலை இருப்பது தெரியவரும். மாடத்தை ஒட்டிய கூடத்தில் ஓரளவு காற்று. மேற்குப் பார்த்த அறையில் பிற்பகல் மூன்று மணிக்குச் சுவரைத் தொட்டால் தோசைக்கல். சமையலறையில் அடுப்பும் வெயிலும் சேர்ந்த புழுக்கம். பெரிய படுக்கையறையில் மட்டும் 23 டிகிரி, கம்பளிப் போர்வை.

இந்த நான்கில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

பெரும்பாலான வீடுகளில் பதில் ஒன்றுபோலவே இருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஏர்கோன் அறை. மீதமிருக்கும் அறையோ கூடத்து சோபாவோ தாத்தா, பாட்டிக்கு. பணிப்பெண் இருந்தால் அவருக்குச் சமையலறைப் பக்கத்துச் சிறிய அறை. யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்த பங்கீடு அன்று இது. சம்பளமும் பழக்கமும் சேர்ந்து தானாக அமைந்துவிட்டது. ஆனால், சூட்டைத் தாங்கும் வலிமை யாருக்குக் குறைவோ அவர்களுக்கே சூடான இடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"அவங்களுக்கு ஏர்கோன் பிடிக்காது" என்று நாம் சொல்வோம். அவர்களும் அதையேதான் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் எழுபத்தாறு வயது அம்மா. ஜோகூரில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மகன் கேட்கும்போதெல்லாம், "எனக்கு எதுக்குய்யா அதெல்லாம்? நான் தோட்டத்து வெயில்ல வளர்ந்தவ" என்பார். மேற்குப் பார்த்த அறை, ஒரே ஒரு மின்விசிறி. இரவில் அடிக்கடி கழிவறைக்கு எழ வேண்டியிருக்கிறது என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டார். ஒரு மே மாதப் பிற்பகலில் கழிவறைக்குப் போனவர் தலைசுற்றி விழுந்தார். இடுப்பெலும்பு தப்பியது. மருத்துவர் சொன்ன காரணம், உடலில் நீர்ச்சத்து குறைந்து ரத்த அழுத்தம் இறங்கியது. பக்கத்து அறையில் மகன் குளிரில் உட்கார்ந்து கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். கதவு மூடியிருந்ததால் சத்தம் கேட்கவில்லை.

'வெயிலில் வளர்ந்தவள்' என்ற பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் தோட்டத்தில் வளர்ந்தபோது அவருக்கு வயது பதினைந்து. வியர்வை நன்றாக வரும், தாகம் உடனே தெரியும். வயது ஏற ஏற இரண்டும் குறைகின்றன. உடலுக்குத் தண்ணீர் தேவைப்படும் நேரத்தில் தாகமே எடுக்காமல் போகலாம். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும். அவற்றோடு தண்ணீரும் குறைந்தால் விழுவதற்கு அதுவே போதும்.

இன்னொன்று, அன்றைய வீடு. பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையும் கொண்ட வீடு பகலில் சுட்டாலும், பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். சுற்றிலும் மரம், மண். நம் கான்கிரீட் சுவர் அப்படியில்லை. பகல் முழுக்க வெப்பத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. சிங்கப்பூரில் கட்டடங்கள் நெருங்கிய பகுதிக்கும் மரங்கள் அடர்ந்த பகுதிக்கும் இடையே இரவு வெப்பநிலை 7 டிகிரி வரைகூட வேறுபடலாம் என்று ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவது சூரியன் மறைந்த பிறகுதான். அதனால்தான் பதினொரு மணிக்குச் சன்னலைத் திறந்து வைத்தும் அறை ஆறவில்லை என்று பாட்டி புரண்டு படுக்கிறார். பகலில் பட்ட சூட்டிலிருந்து உடல் மீள்வது இரவில்தான். அந்த இரவும் சூடாக இருந்தால், மறுநாள் அவர் களைப்போடுதான் தொடங்குகிறார்.

'பிடிக்காது' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. சிலருக்கு உண்மையிலேயே மூட்டு வலிக்கும், சளி பிடிக்கும். அவர்களைக் குளிரில் உட்கார வைப்பது கொடுமை. வேறு சிலருக்கு அது 'பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது' என்பதன் மறுபெயர். எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. "வேணுமா?" என்று கேட்காதீர்கள். பிற்பகலில் இரண்டு மணி நேரம் 27 டிகிரியில் போட்டு, காற்று நேரே மேலே படாதபடி திருப்பிவிட்டு, "இங்க வந்து படுங்கம்மா" என்று கூப்பிடுங்கள். தூங்கிவிட்டார் என்றால் விடை கிடைத்துவிட்டது.

செலவுக் கணக்கையும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். மின்சாரம் ஒரு யூனிட் ஏறத்தாழ 30 காசு என்று வைத்துக்கொள்வோம். 50 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 12 காசு. ஓர் அறைக்கான இன்வர்ட்டர் ஏர்கோன் மணிக்குச் சராசரியாக அரை யூனிட் இழுத்தால், அதே எட்டு மணி நேரத்துக்கு 1 வெள்ளி 20 காசு. பிற்பகல் இரண்டு மணி நேரம் மட்டும் என்றால் 30 காசு, மாதம் முழுக்கப் போட்டாலும் 9 வெள்ளி. இந்த எண்ணை அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் மனத்தில் இருப்பது முப்பது ஆண்டுகளுக்கு முன் முதல் ஏர்கோன் வந்தபோது வந்த கட்டணச் சீட்டாக இருக்கலாம்.

பெரிய படுக்கையறையில் 22, 23 வைத்துப் போர்வை போர்த்திக்கொள்வதை 25க்கு உயர்த்தி, கூடவே விசிறியைச் சுழலவிட்டால் பாட்டி அறையின் செலவுக்கு அங்கேயே பணம் மிச்சமாகும். தேசிய சுற்றுப்புற வாரியமும் 25 டிகிரியையே பரிந்துரைக்கிறது. ஏர்கோன் உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளும் இயந்திரம் என்பதையும் மறக்க வேண்டாம். நம் அறை குளிரக் குளிர, நம் சன்னலுக்கு வெளியே சுடுகிறது. சன்னலைத் திறந்து வைத்துத் தூங்கும் மேல் வீட்டுக்காரருக்கு அதில் பங்கு உண்டு.

அடுத்து பணிப்பெண். வெளிப்புறத்தில் கடும் உடலுழைப்பு செய்யும் ஊழியர்களுக்கு மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் விதி கொண்டுவந்தது. காற்றின் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவு 32ஐத் தொட்டால், மணிக்குக் குறைந்தது பத்து நிமிடம் நிழலில் ஓய்வு தர வேண்டும். வீட்டுச் சமையலறையில் அந்தக் கருவி இல்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு மூன்று அடுப்பையும் பற்றவைத்துச் சாம்பார், பொரியல், அப்பளம் என்று நிற்பவர் நம் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் மியன்மாரிலிருந்து வந்த பெண்ணாக இருந்தாலும், அவருக்கான ஓய்வை வீடுதான் தர வேண்டும். 1998க்குப் பிறகு கட்டப்பட்ட வீவக வீடுகளில் இருக்கும் இல்லப் பாதுகாப்பு அறையில் சிலர் பணிப்பெண்ணைப் படுக்கவைக்கிறார்கள். தடித்த சுவர், இரும்புக் கதவு, சன்னல் இல்லை. பணிப்பெண் தங்கும் இடத்தில் இயற்கையான காற்றோட்டம் போதாவிட்டால் மின்விசிறியாவது வைக்க வேண்டும் என்பது அமைச்சின் நிபந்தனை. ஒரு நாள் இரவு அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் உள்ளே இருந்து பாருங்கள். வேறு இடம் ஒதுக்க முடியுமா என்று நீங்களே யோசிப்பீர்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. பெரிய சமையலைக் காலை ஒன்பதுக்குள் முடிப்பது. மேற்குப் பக்கத் திரைச்சீலையைச் சூடு ஏறிய பிறகு மூடாமல், மதியத்துக்கு முன்பே மூடிவிடுவது. பொழுது சாய்ந்ததும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றை ஊடுருவ விடுவது. ஆள் இல்லாத அறையில் விசிறியை நிறுத்துவது. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, நம் தோலின் வியர்வையை உலரவைத்துத்தான் நமக்குக் குளிர்ச்சி தருகிறது. பெரியவர்களுக்குத் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் மணிக்கொரு முறை கையில் ஒரு குவளை கொடுப்பது. மோர், கஞ்சி, சர்க்கரை சேர்க்காத பார்லி என்று மாற்றித் தந்தால் மறுக்க மாட்டார்கள். இதய, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு எவ்வளவு நீர், எந்த மாத்திரை என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே குளிர்ந்த இடத்துக்கு அழைத்து வந்து, ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்துவிட வேண்டும். உடல் நெருப்பாய்க் கொதித்து, பேச்சு குழறி, இருக்கும் இடம் தெரியாமல் உளறினால் அது வெப்பத்தாக்கு. 995ஐ அழைத்துவிட்டு, மருத்துவ வண்டி வரும்வரை உடலைக் குளிர்வித்துக்கொண்டே இருங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இந்தச் சூடு இந்த மே மாதத்தோடு முடிகிற கதை இல்லை. இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் சிங்கப்பூரின் சராசரி வெப்பநிலை 0.6 முதல் 5 டிகிரி வரை உயரக்கூடும் என்று 2024 ஜனவரியில் வெளியான தேசிய ஆய்வு கணித்திருக்கிறது. இன்று முப்பது வயதில் இருப்பவர்கள் பாட்டியின் வயதை எட்டும்போது, இதைவிடச் சூடான இரவுகளில்தான் படுக்கப் போகிறார்கள். குளிரை எப்படிப் பங்கிடுவது என்பதை நம் பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுவார்கள்.

இந்த வாரம் இருபது வெள்ளிக்குள் கிடைக்கும் ஒரு வெப்பமானியை வாங்குங்கள். பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு பதினொரு மணிக்கும் ஒவ்வோர் அறையிலும் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். எந்த எண் மிக அதிகமோ, அந்த அறையில் யார் படுக்கிறார் என்று பாருங்கள். மாற்றத்தை அங்கிருந்து தொடங்கலாம்.