வானிலிருந்து அளக்கலாம், தோட்டத்து மக்களையும் கேட்க வேண்டும்

வட சிலாங்கூர் நிலத்தை விமானத்திலிருந்தும் டிரோனிலிருந்தும் அளப்பதை எங்கள் அமைப்பு ஆதரிக்கிறது. அளந்ததை யார் சரிபார்ப்பது, அது யார் பார்வைக்குக் கிடைப்பது என்பதில்தான் எங்கள் நிபந்தனை.

மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் உருவானது இங்கேதான். பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டம். இந்த வட்டாரத்தில் காடு ரப்பரானது, ரப்பர் செம்பனையானது, இப்போது செம்பனை வீடமைப்புப் பகுதியாகிறது. சாதாரணப் படத்தில் முற்றிய செம்பனையும் காடும் ஒரே பச்சையாகத் தெரியலாம். விமான லேசரோ மர உச்சியோடு, இலை இடுக்கில் புகுந்து தரையின் மேடு பள்ளத்தையும் அளந்துவிடும். கிரெக் ஆஸ்னரின் குழு தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில், விலங்குகள் நுழையாத வேலிக்குள்ளும் வெளியிலும் சவானா மரங்கள் எப்படி மாறுகின்றன என்று இப்படித்தான் ஒப்பிட்டது. அதே குழு 2016-இல் சபா காடுகளின் மேல் பறந்தது. குரூகரில் வேலியின் இருபுறத்தையும் ஒப்பிட்டது போல, இங்கே வாய்க்காலின் இருபுறத்தையும் ஒப்பிடலாம்.

வட சிலாங்கூரின் ராஜா மூசா வனப்பகுதி கரிச்சதுப்பு நிலம். நீரை வடித்தால் மண் அமிழும். அப்படி அமிழ்ந்த இடத்தில் பழைய செம்பனை வேர் தரைக்கு மேலே தெரிய, ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். காய்ந்த மண்ணில் பற்றும் தீ அடியிலேயே புகைந்துகொண்டிருக்கும். மேலே தண்ணீர் ஊற்றியவர்களுக்கு அது தெரியும். 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் ஊர்மக்களும் அங்கே வாய்க்கால்களை அடைத்து மரம் நட்டு வருகின்றனர். எந்த வாய்க்காலை முதலில் அடைப்பது என்பதற்கு நிலமட்டத்தின் சிறு வேறுபாடும் முக்கியம். மண் அமிழ அமிழ அந்த மட்டமும் மாறும், எனவே ஒருமுறை பறந்தால் போதாது. சில ஆண்டுகள் விட்டு மறுபடி பறக்க வேண்டும்.

சிலாங்கூர் ஆற்றங்கரையில் உள்ள கம்போங் குவாந்தானில் சுற்றுலாப் பயணிகள் படகிலிருந்து பார்ப்பது பெரெம்பாங் மரத்து மின்மினிகளை. அவற்றின் புழுக்களோ கரைக்குப் பின்னால், நீப்பாவும் சகுவும் வளரும் ஈரத்தரையில் நத்தை தின்று வளர்கின்றன. ஆற்றோர மரத்தை மட்டும் விட்டுவைத்துப் பின்புறம் செம்பனை நட்டால் பயனில்லை. கரைக்குப் பின்னால் உள்ள அந்த ஈரத்தரைப் பட்டை எங்கெங்கே குறுகிவிட்டது என்பதை முதல் பறப்பிலேயே அளக்கக் கோருகிறோம்.

வானிலிருந்து பார்த்தால் தோட்டத்து லயமும் கோயிலும் சில தகரக் கூரைகள், அவ்வளவுதான். எத்தனை தலைமுறையாக அங்கே ஆள் இருக்கிறது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. ஆகவே வரைபடத்தைத் தரையில் சரிபார்க்கும் வேலைக்கு ஓய்வுபெற்ற தண்டல்களையும் வெளிக்காட்டுத் தொழிலாளர்களையும் சம்பளம் கொடுத்து அழைக்க வேண்டும். எந்த வாய்க்கால் எந்த மாதம் பொங்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். வான்படத்தை மட்டும் காட்டி எந்தக் குடியிருப்பையும் 'அனுமதியற்றது' என்று குறிக்கக் கூடாது. முடிவான வரைபடம் தமிழிலும் மலாயிலும் விளக்கக் குறிப்புடன் கோலசிலாங்கூர் மாவட்ட அலுவலகத்தில் எவரும் கேட்டுப் பார்க்கும்படி இருக்க வேண்டும். ஆட்சேபம் சொல்ல மூன்று மாதமாவது கொடுங்கள்.