வீட்டு வாசலிலிருந்து எண்ணுவோம்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் கோலா தெர்லாவிலும் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களிலும் ஒரு கேள்வி தவறாமல் எழும். "தமிழ்நாட்டுக்குப் போக எந்த விமானம் மலிவு?" என்பதே அது. பிள்ளைகளின் கைப்பேசியில் பல நிறுவனங்களின் விலைகளை வரிசைப்படுத்தி, எது அடியில் இருக்கிறதோ அதை வாங்கிவிடுகிறோம். ஆனால் குழந்தைகளோடும் முதியவர்களோடும் செல்லும் குடும்பங்கள் முதலில் கேட்க வேண்டியது வேறொரு கேள்வி: "வழியில் எத்தனை முறை மாற வேண்டும்?" விலையை அதற்குப் பிறகு பார்க்கலாம் என்பது என் கருத்து. அந்த மாற்றங்களையும் வீட்டு வாசலிலிருந்தே எண்ணத் தொடங்க வேண்டும்.

நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த பயணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கிடையே ஓடியது. அதன் பின் வந்த சிதம்பரம் கப்பலின் பயணிகள் சேவை 1985 பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்தோடு நின்றது. கடலில் பல நாள்கள் கழிந்தன. இடநெருக்கடியும் வாந்தியும் மயக்கமும் இருந்தன. ஆயினும் நாகப்பட்டினத்தில் ஏறியவர் பினாங்கில் இறங்கும்வரை கப்பல் மாறவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அக்கடலைக் கடந்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இன்று வான்வழியில் நான்கு மணி நேரத்தில் முடியக்கூடிய பயணத்தை, சில நூறு ரிங்கிட்டை மிச்சப்படுத்துவதற்காக மூன்று நாட்டு விமான நிலையங்களில் அலைந்து முடிக்கிறோம்.

மலிவுச் சீட்டின் மறுபக்கம்

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று குலதெய்வக் கோயிலின் குடமுழுக்குக்குப் புறப்பட்டது. பாட்டி, பெற்றோர், இரண்டு பிள்ளைகள் என ஐவர். இரு வேறு நிறுவனங்களின் சீட்டுகளைத் தனித்தனியே வாங்கி, இடையிலுள்ள ஒரு நகரில் விமானம் மாறுவதாகத் திட்டம். முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானது. அவர்கள் இறங்கிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அடுத்த விமானத்தின் பதிவு முகப்பு மூடப்பட்டுவிட்டது. முதல் நிறுவனம், "உங்களை இங்கே கொண்டு வந்து சேர்த்துவிட்டோம்" என்றது. இரண்டாவது நிறுவனம், "நீங்கள் நேரத்துக்கு வரவில்லை" என்றது. அங்கேயே புதிய சீட்டு வாங்க நேர்ந்தது. மிச்சப்படுத்தியதைப் போலப் பல மடங்கு செலவாயிற்று, குடமுழுக்கும் முடிந்துவிட்டது. பாட்டிக்கு அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை.

இதில் இரு நிறுவனங்களும் சொன்னது விதிப்படி சரியே. ஒரே பதிவு எண்ணில் வாங்கிய இணைப்புப் பயணமாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகும்போது அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு விமான நிறுவனத்தைச் சாரும். பெரும்பாலும் பெட்டிகளும் இறுதி ஊர்வரை தாமாகவே சென்றுவிடும். தனித்தனிச் சீட்டு என்றால் அந்தப் பொறுப்பு முழுவதும் நம் தலையில் விழுகிறது. குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுத்து, மீண்டும் பதிவு செய்து, மீண்டும் சோதனைக்குச் செல்ல வேண்டும். இணையத்தில் இரண்டும் ஒரே பயணம் போலக் காட்டப்படலாம். எனவே பணம் செலுத்துமுன், "இது ஒரே பதிவு எண்தானா?" என்று கேட்பது முதல் விதி.

இன்னொரு சொல்லிலும் கவனம் தேவை. "நேரடி விமானம்" என்றால் எங்கும் நிற்காது என்று நாம் பொருள் கொள்கிறோம். விமானத் துறையில் அப்படியன்று. ஒரே பயண எண்ணில் இடையே ஓர் ஊரில் இறங்கி ஏறும் விமானத்தையும் நேரடி விமானம் என்றே அழைப்பர். எங்கும் நில்லாமல் செல்வது தனி வகை. வாங்கும்போது "இடைநிறுத்தம் இல்லையே?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோலா தெர்லாவிலிருந்து எண்ணினால்

கோலாலம்பூரில் வாழ்பவருக்கு ஒரு விமானம் என்றால் ஒரே பயணம். நமக்கு அப்படி இல்லை. மலையிலிருந்து இறங்குவதே ஒரு பயணம். கம்போங் ராஜா சென்று, சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவை அடைந்த பிறகே மற்றவை தொடங்குகின்றன. விடுமுறைக் காலத்தில் பிரிஞ்சாங் சாலையில் மகிழுந்துகள் நகராமல் நிற்பதையும், மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை மூடப்படுவதையும் நாம் அறிவோம். ஆகவே நமக்கு ஏற்ற வழிகளை எண்ணிப் பார்ப்போம்.

முதல் வழி, கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையம். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் செல்பவர்களுக்கு இதுவே சிறந்தது. ஏர் ஏசியா 2008 டிசம்பரில் திருச்சிக்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. பாத்திக் ஏர் நிறுவனமும் அங்கே பறக்கிறது. ஈப்போவிலிருந்து விமான நிலையத்துக்கே நேராகச் செல்லும் பேருந்துகள் இருக்கின்றன. மகிழுந்து, பேருந்து, விமானம் என்று இரண்டே மாற்றங்கள். ஏர் ஏசியா இரண்டாம் முனையத்திலும் பாத்திக் ஏர் முதலாம் முனையத்திலும் இயங்குவதை மட்டும் மறக்க வேண்டாம்.

இரண்டாம் வழி, பினாங்கு. இண்டிகோ நிறுவனம் 2024 டிசம்பர் 21-இல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் உறவினர் உள்ளவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம். ஈப்போவிலிருந்து பாயான் லெப்பாசுக்கான தொலைவு, கோலாலம்பூர் விமான நிலையத்துக்கான தொலைவைவிடக் குறைவு. ஆனால் திருச்சிக்குச் செல்பவர் இவ்வழியில் போனால் சென்னையில் மீண்டும் ரயிலோ பேருந்தோ ஏற வேண்டும். அதையும் ஒரு மாற்றமாக எண்ண வேண்டும்.

மூன்றாம் வழி, ஈப்போ விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் சென்று அங்கிருந்து தமிழகம் செல்வது. கோயம்புத்தூர் செல்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம். சிங்கப்பூரிலிருந்து அவ்வூருக்கு இடைநில்லா விமானம் உண்டு. நிபந்தனை ஒன்றுதான்: இரு விமானங்களும் ஒரே பதிவு எண்ணில் இருக்க வேண்டும்.

மதுரைக்குச் செல்பவர்கள் கொழும்பு வழியாக ஒரே சீட்டில் ஒரு மாற்றத்தோடு செல்லலாம். அல்லது திருச்சியில் இறங்கிச் சாலை வழியாக ஏறத்தாழ 135 கிலோமீட்டர் செல்லலாம். முதியவர் உடனிருந்தால், விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் காத்திருப்பதைவிட உறவினரின் வண்டியில் படுத்துக்கொண்டு செல்வது நலம் என்பேன்.

எல்லாருக்கும் ஒரே விதியா?

இல்லை. முதுகுப்பை ஒன்றோடு செல்லும் இளைஞர் இரண்டு இடங்களில் மாறி, மிச்சப்படும் பணத்தில் புத்தகம் வாங்கினால் மகிழ்ச்சியே. துக்கச் செய்தி கேட்டுப் புறப்படுபவர் எது முதலில் போய்ச் சேருமோ அதில்தான் ஏற வேண்டும். அங்கே மாற்றங்களின் எண்ணிக்கை பெரிதன்று. தோட்டத்துச் சம்பளத்தில் ஐந்து பேருக்குச் சீட்டு வாங்கும் தந்தையிடம், "பணத்தைப் பார்க்காதே" என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. அவரிடம் நான் சொல்வது இதுதான்: சீட்டின் விலையோடு, தங்கும் அறை, உணவு, கூடுதல் பெட்டிக் கட்டணம், இழக்கும் வேலை நாள் ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். விலைப்பட்டியலில் அடியில் இருந்த சீட்டு, இந்தக் கணக்கில் பெரும்பாலும் மேலே ஏறிவிடும்.

பிள்ளைகளின் படிப்பையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இணைப்பு தவறி இரண்டு நாள் தாமதமாக வந்து சேரும் மாணவன், விடுமுறைக்குப் பின் வகுப்பு தொடங்கும் நாளில் இருப்பதில்லை. சிறிய பள்ளியில் நான்கைந்து பேர் அப்படி விடுபட்டால், ஆசிரியர் அதே பாடத்தை மீண்டும் நடத்த வேண்டியிருக்கிறது.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது

கணிதத்தில் "காலமும் நேரமும்" கற்பிக்கிறோம். அங்கே ஒரு பயணச்சீட்டை எடுத்துக்கொள்ளலாமே! மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னே செல்கிறது. கோலாலம்பூரில் இரவு 9.00 மணிக்குப் புறப்பட்டுத் திருச்சியில் 10.30-க்குச் சேரும் விமானம் எவ்வளவு நேரம் பறந்தது? ஒன்றரை மணி என்று பாதி வகுப்பு சொல்லும். நான்கு மணி நேரம் என்று கண்டுபிடிக்கும் மாணவன் அதை ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

இன்னொரு கணக்கும் உண்டு. சீட்டில் 12-ஆம் நாள், நேரம் 00.20 என்று இருந்தால் எந்த நாள் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்? 11-ஆம் நாளே கிளம்ப வேண்டும். 12-ஆம் நாள் மாலையில் மலையிறங்கினால் விமானம் போய்ப் பல மணி நேரம் ஆகியிருக்கும். இதைக் கற்ற பத்து வயதுப் பிள்ளை தன் குடும்பத்தின் பணத்தையே காப்பாற்றும்.

எனவே பெற்றோர்களே, அடுத்த முறை சீட்டு வாங்குமுன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் தொடங்கி, சொந்த ஊர் வாசல்வரை எங்கெங்கே இறங்கி ஏற வேண்டும் என்பதை உங்கள் பிள்ளையைக் கொண்டு தமிழில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலைப் பாட்டியிடம் படித்துக் காட்டுங்கள். "இதெல்லாம் என்னால் முடியுமப்பா" என்று அவர் சொன்ன பிறகு பணத்தைச் செலுத்துங்கள்.