கொம்பனும் கூன்மூக்கனும்

தென்னை வைத்திருப்பவர்களிடம் வண்டு என்று சொன்னால் காண்டாமிருக வண்டைத்தான் நினைப்பார்கள். கறுத்துத் திரண்ட உடம்பு, தலையில் கொம்பு. விரியாத குருத்தைத் துளைத்து உள்ளே இறங்கி மென்று சாற்றைக் குடிக்கும். பிறகு அந்த மட்டை விரியும்போது, கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் ஓலை வெட்டுப்பட்டு நிற்கும். தெருவில் போகிறவர் கண்ணுக்கும் அது தப்பாது.

எனக்கு அச்சமூட்டுவது மற்றது, சிவப்புக் கூன்வண்டு. செம்பழுப்பு நிறம், வளைந்து நீண்ட மூக்கு. வளர்ந்த வண்டால் மரத்துக்குப் பெரிய சேதமில்லை. அதன் முட்டையிலிருந்து வரும் காலில்லாத புழுக்கள்தான் தண்டை உள்ளிருந்தே தின்கின்றன. மரம் வெளியே பச்சையாகவே இருக்கும். தண்டில் சிறு துளைகள், வழியும் பழுப்புச் சாறு, துளையில் துருத்தும் நார், காதை வைத்தால் கேட்கும் கறகறப்பு. இவ்வளவுதான் அடையாளம். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் கொண்டையே சாய்ந்துவிடும்.

கொம்பன் இதற்கு நேர்மாறு. அதன் புழு எருக்குழியிலும் இற்றுப்போன தென்னங்கட்டையிலும் கிடந்து மட்கியதைத் தின்று வளர்கிறது. பச்சை மரத்தைத் தொடுவதில்லை. வண்டான பிறகுதான் பகையாகிறது. 1909இல் இலங்கையிலிருந்து ரப்பர் கன்றுகளோடு சமோவா தீவுக்குப் போய்ச் சேர்ந்த இந்த வண்டு, பசிபிக் தென்னைகளை அப்படி அழித்தது. மலேசியாவில் கண்டறிந்த ஒரு வைரஸை 1967இல் கொண்டுபோய் விட்ட பிறகே அங்கே அதன் கொட்டம் அடங்கியது.

கொம்பன் துளைத்த காயத்தின் வாடை கூன்வண்டை இழுக்கிறது. அங்கேதான் அது முட்டையிடுகிறது. ஆகவே 'ஓலைதானே போயிற்று' என்று கொம்பனை விட்டுவைப்பது மரத்தையே பறிகொடுக்கும் வழி.

எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குங்கள். மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைக் கலந்துவிடுங்கள். குருத்தில் துளை தெரிந்தால் கம்பியால் வண்டைக் குத்தி எடுங்கள். ஏறுவதற்காகத் தண்டில் படி வெட்டாதீர்கள். பச்சை மட்டையை வெட்டியே ஆகவேண்டுமென்றால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டுங்கள். பட்ட மரத்தைத் தோப்பிலேயே போட்டுவைக்காமல் உடனே அப்புறப்படுத்துங்கள்.