இரண்டு கம்ப்யூட்டரும் ஊமை! குற்றம் எங்கே?

திருவட்டாறு பக்கத்து விவசாயி கெட்டிக்காரர். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், வயலில் நின்று திட்டமாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக் கொண்டு சானல் கரையோடு நடப்பார். தண்ணீர் எதுவரை வந்தது, எங்கே நின்றது என்று கண்ணால் பார்ப்பார். மாத்தூரில் 115 அடி உயரத்தில் தொட்டிப் பாலம் இருக்கிறது. தேவைப்பட்டால் அதன் மேலும் நடந்து பார்த்து விடுவார்!

கம்ப்யூட்டர் படிக்கும் அவர் வீட்டுப் பிள்ளை மட்டும் ஏன் இப்படிச் செய்வதில்லை?

கல்லூரியில் இரண்டு புரோகிராம் எழுதச் சொல்வார்கள். ஒன்று கேட்கும். அது கிளையன்ட். மற்றொன்று பதில் சொல்லும். அது சர்வர். எழுதி ஓட்டினால், பேச்சு மூச்சு இல்லை! பிள்ளை இந்த வரியை மாற்றுகிறான். அந்த வரியை அழிக்கிறான். பொழுது விடிந்து விடுகிறது. "எனக்கு மூளை இல்லை" என்று படிப்பையே வெறுக்கிறான்.

மூளை இருக்கிறது. பார்க்கத்தான் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

புரோகிராம்கள் பேசிக் கொள்வதை அப்படியே பிடித்துக் காட்டும் கருவி ஒன்று உண்டு. பெயர் ஒயர்ஷார்க். ஜெரால்ட் கோம்ப்ஸ் என்ற அமெரிக்கர் 1998-ல் வேறு பெயரில் வெளியிட்டார். இந்தப் பெயர் 2006-ல் வந்தது. காலணா செலவில்லை, இலவசம்!

திறந்தால் குட்டு வெளிப்பட்டு விடும். கிளையன்ட் கதவைத் தட்டுகிறது. "இங்கே ஆள் இல்லை" என்று உடனே பதில் வருகிறது. அப்படியானால் சர்வர் ஓடவில்லை. அல்லது 'போர்ட்' என்னும் கதவு எண் தவறு. தட்டியும் சத்தமே இல்லையா? பெரும்பாலும் முகவரி தவறாக இருக்கும். அல்லது 'ஃபயர்வால்' என்ற காவல்காரன் தடுத்திருப்பான்.

இன்னொன்றுதான் வேடிக்கை. செய்தி போயிருக்கிறது. கிடைத்ததற்கு ரசீதும் வந்திருக்கிறது. பதில் மட்டும் இல்லை! உற்றுப் பார்த்தால், செய்தியின் கடைசியில் 'வரி முடிந்தது' என்ற அடையாளம் இல்லை. வரி முடியட்டும் என்று சர்வர் காத்திருக்கிறது. பதில் வரட்டும் என்று கிளையன்ட் காத்திருக்கிறது. "முதலில் நீங்கள் உட்காருங்கள்" என்று சம்பந்திகள் இருவரும் நின்று கொண்டே இருந்த கதைதான்! விட்டுப் போனது ஒரே ஓர் எழுத்து.

இரண்டு புரோகிராமும் ஒரே கம்ப்யூட்டரில் ஓடினால், பேச்சு வீட்டுக்குள்ளேயே நடந்து விடும். வாசலில் காத்திருந்து பயனில்லை. 'லூப்பேக்' என்ற உள்வழியைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஒட்டுக் கேட்கும் கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அடுத்தவர் பேச்சைக் கேட்பது தவறுதான். தன் புரோகிராம் பேசுவதைத் தானே கேட்பதில் என்ன தவறு? முதல் புரோகிராம் எழுதும் அன்றே, ஆசிரியர்கள் இதையும் திறந்து காட்டட்டும். அரை மணி நேர வேலைதான்.