சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஐ.டி.ஐ. படித்தவர். அவருடைய வேலை என்ன தெரியுமா? லைனில் நகர்ந்து வரும் ஒவ்வொரு காரிலும் முன்சக்கரத்து பிரேக் காலிப்பரின் போல்ட்டை முடுக்குவது. எட்டு மணி நேர ஷிஃப்ட்டில் அதே போல்ட், அதே கன், அதே 'டக்' சத்தம்.

கல்யாணம் ஆகிக் குழந்தை பிறந்ததும் அவர் ஒரு பழைய சின்ன கார் வாங்கினார். போன ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். அடுத்த மாதமே பிரேக் பிடித்தால் 'கிறீச்' என்று சத்தம். எல்லாக் கம்பெனி வண்டிகளையும் பார்க்கும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். ஏ.சி. அறையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். பிறகு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். முன்பக்கம் இரண்டு டிஸ்க், பேட், ஆயில், 'ஓவரால்', லேபர் எல்லாம் சேர்த்து 11,800 ரூபாய். அவர் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

"பிரேக் விஷயம் சார், உயிர் சம்பந்தப்பட்டது. நாங்க சொல்லிட்டோம். அப்புறம் உங்க இஷ்டம்" என்றாராம் கவுன்ட்டரில் இருந்தவர்.

நண்பர் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "பேட் மட்டும் நானே மாத்திடட்டுமா சார்? இல்ல, கடன் வாங்கியாவது அவங்ககிட்டயே குடுத்துடட்டுமா?"

இந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் மேல் இல்லை. தினமும் நூற்றுக்கணக்கான கார்களுக்கு பிரேக் பொருத்துகிற ஒரு மனிதரை, தன் சொந்தக் காரின் சக்கரத்தைக் கழற்றப் பயப்படும்படி செய்து வைத்திருக்கிறோமே, அதன் மேல்.

அப்படி என்ன பெரிய ரகசியம் அந்தச் சக்கரத்துக்குள் இருக்கிறது? சக்கரத்தோடு சுற்றுகிற ஒரு இரும்புத் தட்டு. அதை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும் இரண்டு பேட். பிடிக்க வைக்கிற ஒரு காலிப்பர். பேட் தேயத்தான் செய்யும். அதற்காகத்தான் அது இருக்கிறது. பல பேட்களில் ஒரு சின்ன தகடு வைத்திருப்பார்கள். பேட் மெலிந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசிக் கத்தும். 'என்னை மாற்று' என்று வண்டியே உங்களிடம் சொல்கிறது. அதைக் காதில் வாங்கத் தெரிந்தால் போதும். கத்தலுக்குப் பிறகும் ஓட்டினால், இரும்பும் இரும்பும் தேய்ந்து டிஸ்க்கும் போய்விடும்.

சரி, இவ்வளவு எளிய விஷயம் ஏன் ரகசியம் ஆனது? ரகசியத்துக்கு விலை உண்டு என்பதால்தான்.

நானாகக் கற்பனை செய்து சொல்லவில்லை. 2011-ல் கார் உதிரிபாகம் பற்றி ஒரு புகார் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. விசாரித்த ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரிபாகத்தை வெளிச்சந்தையில் விடுவதில்லை, பழுது கண்டுபிடிக்கும் கருவியையும் கையேட்டையும் வெளி மெக்கானிக்குக் கொடுப்பதில்லை, வெளியே வேலை பார்த்தால் வாரன்டி போச்சு என்று மிரட்டுவது, இவைதான் குற்றச்சாட்டு. அந்தப் பட்டியலில் ஒரகடத்து நிஸானும் உண்டு, அப்போது மறைமலை நகரில் இருந்த ஃபோர்டும் உண்டு. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய்க்கு 2015 ஜூலையில் தனியாக 420 கோடி. கம்பெனிகள் மேல்முறையீடு போயின. நிஸான், ஃபோர்டு, டொயோட்டா மூன்றின் வழக்கில் 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தைக் குறைத்தது. ஆனால் செய்தது தவறுதான் என்பதை மாற்றவில்லை.

2014 உத்தரவில் ஒரு வரி உங்களுக்கும் எனக்கும் முக்கியம். வெளி மெக்கானிக்கிடம் போனார் என்கிற ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்டியையும் ரத்து செய்யக் கூடாது. வெளியே செய்த வேலை சரியில்லாமல் எது கெட்டதோ அதற்கு மட்டும்தான் மறுக்கலாம் என்றது ஆணையம். அமெரிக்காவில் இதே போன்ற பாதுகாப்புக்கு 1975-லேயே சட்டம் வந்துவிட்டது. நம் மத்திய அரசும் 2022 டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஒரு இணையதளம் திறந்தது. கார், பைக்கும் அதில் அடக்கம். இதெல்லாம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாமல் இருப்பதில்தான் கவுன்ட்டரின் பலம் இருக்கிறது.

இத்தனைக்கும் இது என்ன ஊர்? 1962-ல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியதிலிருந்து, நாட்டில் ஓடுகிற வண்டிகள் பலவற்றை நிறுத்துகிற வேலையைச் சென்னையும் சுற்றுவட்டாரமும் செய்து வருகின்றன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012-ல் டெய்ம்லர் லாரி. வண்டிகளைச் சோதித்துப் பார்க்கும் அரசு மையமும் ஒரகடத்திலேயே இருக்கிறது. இந்த ஆலைகளுக்காக நிலம் போனது. ஏரிக்கரை ஊர்கள் எல்லாம் வாடகைக் குடியிருப்பாக மாறின. பதிலுக்கு நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? ஒரு போல்ட். ஒரே ஒரு போல்ட். முழு பிரேக்கும் எப்படி வேலை செய்கிறது என்று அந்த லைனில் நிற்கிற கான்ட்ராக்ட் பையனுக்கு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தை, தனக்கு நரகம் கிடைத்தாலும் பரவாயில்லை என்று திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னவர் என்று வழிவழியாகக் கதை உண்டு. அவர் பிறந்த ஊரைச் சுற்றி இன்று மதில் எழுப்பி ரகசியம் காக்கிறார்கள். பிரேக் பேடுக்கு!

இதைப் படித்துவிட்டு, "அப்படிச் சொல்லுங்க சார்! இந்த ஞாயிற்றுக்கிழமையே கழட்டிடறேன்" என்று ஸ்பானரைத் தேடும் வீரர்களே, கொஞ்சம் நில்லுங்கள். அடுத்த குத்து உங்களுக்குத்தான்.

உங்கள் பணம் உங்களுடையது. உங்கள் உயிரும் உங்களுடையது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை உங்களுடையது இல்லை. விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக அந்தச் சாலையோரம் நிற்கிற பெண்கள், ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் ரோட்டைக் கடக்கிற பையன்கள், பின் சீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு போகிற டி.வி.எஸ். 50காரர்... இவர்கள் யாரும் உங்கள் சிக்கனத்துக்கு ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை.

வெறும் ஜாக்கியில் வண்டியைத் தூக்கி வைத்துவிட்டு அடியில் கை, தலை கொடுப்பது தற்கொலை. தாங்கி இல்லாமல் சக்கரத்தைக் கழற்றக் கூடாது. காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழியும். கம்பி போட்டுக் கட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புது பேட் போட்டால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம்: பிஸ்டனை உள்ளே தள்ளிப் புது பேட் போட்டபின், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். மறந்தால் முதல் மிதியில் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. உங்கள் வீட்டு வாசல் கேட்டிலேயே பாடம் முடிந்துவிட்டால் அதிர்ஷ்டம்.

பிரேக் ஆயில் இன்னொரு கதை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பின் 140 டிகிரியே போதும். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவி அமுங்கும், பெடல் காலுக்குக் கீழே காணாமல் போகும். ஆயில் குழாயைத் திறந்தால் காற்று புகும். அதை முழுசாக வெளியேற்றக் கைப்பழக்கம் வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள சில வண்டிகளில், பட்டன் கைப்பிரேக் உள்ள வண்டிகளில், கம்ப்யூட்டர் கருவியே வேண்டும். வீடியோவில் நாலு நிமிடத்தில் முடித்தவருக்கு உங்கள் வண்டியைத் தெரியாது.

மூன்றாவதாக நம்ம ஊர் ரோட்டோர மெக்கானிக். நான் அவர் கட்சி. ஆனால் அவரிடமும் ஒரு சண்டை இருக்கிறது. பிரேக் டிரம்மைக் கழற்றியதும் காற்றுக் குழாயை வைத்து 'புஸ்' என்று ஊதுகிறாரே, அந்தத் தூசி! பழைய, மலிவான லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு ஈரத்துணியால் துடையுங்கள், அண்ணே. பக்கத்தில் நிற்கிற கைப்பையனுக்கும் நுரையீரல் இருக்கிறது. அவரிடம் பேரம் பேசி நூறு ரூபாய் குறைக்கும் வாடிக்கையாளர்களே, அந்த நூறு ரூபாயில்தான் பையனின் முகக்கவசம் இருந்தது.

நண்பர் கதைக்கு வருகிறேன். பேட்டை அவர் கடையில் பில்லோடு, கம்பெனி அட்டைப்பெட்டியில் வாங்கினார். 1,600 ரூபாய். மலிவு விலைப் போலிக்குப் போகவில்லை. ஊரில் முப்பது வருடமாக ஸ்பானர் பிடிக்கிற ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டு, "அண்ணே, நீங்க பக்கத்துல நில்லுங்க, முன்பக்கம் நான் மாத்தறேன். உங்க கூலி உங்களுக்கு" என்றார். அவரும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

கழற்றிய டிஸ்க்கை மெக்கானிக் அளந்து பார்த்தார். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருந்தது. அதற்கு மேல் நன்றாகவே இருந்தது. ஏ.சி. அறையில் யாரும் அளக்கவே இல்லை. ஆயிரக்கணக்கான ரூபாய் டிஸ்க் தேவையே இல்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் ஜெயித்த மாதிரி. முடியவில்லை. ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருப்பதைப் பார்த்து, "பேட் தேஞ்சா ஆயில் இறங்கும், அதான்" என்றார் நண்பர். எங்கோ படித்திருக்கிறார், சரியான தகவலும்கூட. மெக்கானிக் தலையை ஆட்டினார். "இவ்ளோ இறங்காது தம்பி." பின்சக்கரத்து டிரம்மைக் கழற்றினார். வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் முழுக்க ஈரம். பின் பிரேக் பாதி செத்திருந்தது. பெரிய ஒர்க்‌ஷாப் நல்ல டிஸ்க்குக்கு பில் போட்டதே தவிர இதைப் பார்க்கவில்லை. நண்பர் தனியாக முன்பக்கம் மட்டும் மாற்றியிருந்தால், 'சத்தம் போச்சு' என்ற சந்தோஷத்தில் குழந்தையை ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருப்பார்.

எனவே என் தீர்ப்பு இதுதான். பேட்டைப் பார்ப்பது, ஆயில் அளவைப் பார்ப்பது, சத்தம் கேட்பது: இது கார் வைத்திருக்கிற ஒவ்வொருவரின் கடமை. பேட் மாற்றுவது: தெரிந்தவர் பக்கத்தில் நிற்கக் கற்றுக்கொண்டு, பிறகு செய்யலாம். ஆயில் குழாய், சிலிண்டர், டிரம், ஏ.பி.எஸ்.: காசு கொடுங்கள். ஆனால் காசு கொடுப்பவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. 'டிஸ்க்கை அளந்து காட்டுங்கள்', 'பழைய பார்ட்ஸைக் கையில் கொடுங்கள்', 'பில்லில் ஒவ்வொன்றாக எழுதுங்கள்' என்று கேளுங்கள். முகம் சுளிக்கிற கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

'நானே செய்வதா, கடையில் கொடுப்பதா' என்ற கேள்வியே பாதிக் கேள்விதான். தெரிந்துகொண்டு செய்வதா, தெரியாமல் செய்வதா என்பதுதான் முழுக் கேள்வி. தெரியாமல் நீங்களே செய்தாலும் ஆபத்து, தெரியாமல் அடுத்தவரிடம் கொடுத்தாலும் ஆபத்து.

அடுத்த ஆயுத பூஜைக்குத் தாராளமாக எலுமிச்சம்பழம் வையுங்கள். நான் தடுக்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் வைக்கக் குனிகிறீர்கள் அல்லவா? குனிந்தது குனிந்தீர்கள், அப்படியே உள்ளேயும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நிமிருங்கள்.